எறிவதற்கு முன் பார்க்க வைக்கும் களங்கள்

சனிக்கிழமைதோறும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்துக்குத் தமிழ் கற்க வரும் பிள்ளைகள், வகுப்பு முடிந்ததும் என் காரின் பின்பக்கத்தில் கிடக்கும் டிஸ்க் கோல்ஃப் பையைச் சூழ்ந்துகொண்டு, நான் ஆடிய களங்களிலேயே எது மிக அழகானது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினால் அவர்கள் நிறைவடைந்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. படத்தில் மிக அழகாக விழுந்து, ஆடும்போது ஒன்றுமே சொல்லாத களங்கள் உண்டு. அங்குள்ள கூடைகளைப் பிடுங்கி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நட்டாலும் ஆட்டம் சிறிதும் மாறாது. எறிவதற்கு முன்னால் மலையையும் நீரையும் மரத்தையும் உற்றுப் பார்த்தே தீர வேண்டும் என்று எந்தக் களம் என்னைக் கட்டாயப்படுத்துகிறதோ, அதையே நான் அழகிய களம் என்று எண்ணுகிறேன். ஐந்து திணைகளைக் கற்பிக்கும்போது, நிலமும் பொழுதும்தான் முதற்பொருள், மற்றவை அவற்றின் மேல் நிற்பவை என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டிஸ்க் கோல்ஃபுக்கும் அந்த வரிசை பொருந்துகிறது என்பதைப் பதினோரு ஆண்டுகள் ஆடிய பிறகே உணர்ந்தேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃபில் பந்து, மட்டை, குழி. இங்கே ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் அகலமும் 175 கிராம் எடையும் கொண்ட பிளாஸ்டிக் வட்டு, எறிபவரின் கை, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எறிமேடையிலிருந்து எறிந்து, வட்டு விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, அது கூடையில் தங்கும்வரை எத்தனை முறை எறிந்தோம் என்று எண்ண வேண்டும். குழி எங்கும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு கூடைக்கும் உரிய பாதையை ஹோல் என்றே அழைக்கிறோம். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பது போலவே வட்டும் சுழற்சியின் பலத்தால் கவிழாமல் பறக்கிறது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகச் சாயத் தொடங்குகிறது. வலக்கையால் புறங்கை வீச்சில் எறிபவருக்கு அந்தச் சாய்வு இடப்பக்கம் அமையும். எதிர்க்காற்று வட்டை மேலே தூக்கி வலப்பக்கம் திருப்பும். பின்காற்று அதைக் கீழே அழுத்தி விரைவில் இடப்பக்கம் இறக்கும். காற்றைக் கணிக்காமல் இந்த ஆட்டத்தை ஆட முடியாது. காற்று எங்கிருந்து வருகிறது, எதில் மோதித் திரும்புகிறது என்பதை அந்த இடத்தின் மலைகளும் நீரும் மரங்களும்தான் காட்டிக்கொடுக்கின்றன.

இதை எனக்கு முதலில் கற்பித்த இடம் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் தோட்டம். என் தம்பி டர்பனிலிருந்து குடும்பத்தோடு அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தவன். ஒரு டிசம்பரில் அவனைப் பார்க்கச் சென்றபோது, ஆக்லாந்தில் உட்கார்ந்திருக்க விடாமல் தென்தீவுக்கு அழைத்துச் சென்றான். வாகாட்டிபு ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு சிறு தீபகற்பம்தான் அந்தத் தோட்டம். 1860களில் அங்கே முதல் மரங்களை நட்டிருக்கிறார்கள். இன்று வானளாவ நிற்கும் டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களுக்கிடையே பதினெட்டு கூடைகள் இருக்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. வட்டு இல்லாதவர்கள் ஊருக்குள் கடையில் வாடகைக்கு வாங்கிக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். மரங்கள் விலகும் இடங்களில் ஏரிக்கு அப்பால் ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடர் ரம்பப் பற்களைப்போல வானத்தை அறுத்துக்கொண்டு நிற்கும். தென்கோளத்தின் கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், மலையின் நிறம் சாம்பலிலிருந்து செம்மைக்கு மாறுவதைப் பார்த்தபடியே கடைசி ஹோல்களை ஆடி முடிக்கலாம்.

அங்கே என் முதல் சில எறிகள் எல்லாம் தவறிப்போயின. மரங்களுக்கு உள்ளே பிசின் வாசனையோடு காற்று அசையாமல் நிற்கும். அந்த அமைதியை நம்பி எறிந்தால், வட்டு மரவரிசையைத் தாண்டிய கணத்தில் ஏரிக்காற்று அதைப் பிடித்து, நான் நினைத்தே பார்க்காத திசைக்குக் கொண்டுபோய்விடும். நான் மேலே கிளைகளைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னான்: “அண்ணா, மரத்தைப் பார்க்காதீங்க. மரத்துக்கு நடுவுல தெரியிற தண்ணியைப் பாருங்க.” அடிமரங்களின் இடைவெளியில் ஏரியின் மேற்பரப்பு துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு துண்டு கண்ணாடிபோல் கிடந்தது. அதற்கு அடுத்த துண்டில் கருநீலச் சிற்றலைகள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன. காற்று எந்த இடைவெளி வழியாக உள்ளே வருகிறது என்பதை அந்த வரிகள் சொல்லிவிட்டன. எங்கள் தாத்தா டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். சூன், சூலை மாதங்களில் சார்டின் மீன் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது, தண்ணீரின் நிறம் ஓரிடத்தில் கறுப்பதைப் பார்த்தே வலையை எங்கே வளைக்க வேண்டும் என்று சொல்லுவாராம். அவருடைய கண் தம்பிக்கு வாய்த்திருக்கிறது. நான் அன்றுதான் அதைப் பழகத் தொடங்கினேன்.

அந்த ஏரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்னல் கோடுபோல வளைந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பு, அரைமணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றும் காற்றழுத்தமும் ஏரிநீரைத் தொட்டிநீர்போல ஆட்டுவதுதான் காரணம் என்பது அறிவியலின் விளக்கம். எரிக்கப்பட்ட ஓர் அரக்கனின் இதயம் ஏரியின் அடியில் இன்னும் துடிக்கிறது என்பது மாவோரி மக்களின் கதை. நாங்கள் கரையோரக் கல் ஒன்றில் உட்கார்ந்து, நீர் ஒரு கூழாங்கல்லை மூடுவதையும் மீண்டும் விடுவதையும் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர்ந்தோம். தோட்டத்தில் பொதுமக்கள் எந்நேரமும் நடந்துகொண்டிருப்பார்கள் என்பதால், பாதை காலியாகும்வரை காத்திருக்கும் பொறுமை அங்கே மிகவும் தேவை. அந்தக் காத்திருப்பு எனக்கு ஒருபோதும் சுமையாகத் தோன்றவில்லை.

அதே டக்ளஸ் ஃபிர் மரத்தை அதன் சொந்த மண்ணில் பார்க்கும் வாய்ப்பு, போர்ட்லாந்தில் படிக்கும் மகளால் கிடைத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் மாநில மரமே அதுதான். குவீன்ஸ்டவுனைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தானாகப் பரவும் இந்த மரத்தைக் களையாக எண்ணி அகற்றுகிறார்கள். ஓரிகனிலோ அது காட்டின் தலைவன். டர்பனைச் சூழ்ந்த நேட்டால் பகுதியின் மலைச்சரிவுகளை நிறைத்து நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை என்பதை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

போர்ட்லாந்துக்கு மேற்கே, நார்த் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில் ஹார்னிங்ஸ் ஹைட்அவுட் என்னும் தனியார் பூங்கா இருக்கிறது. கட்டணம் செலுத்தி உள்ளே சென்றால் மீன் பிடிக்கும் ஏரி ஒன்றும், காட்டுக்குள் ஏறி இறங்கும் டிஸ்க் கோல்ஃப் பாதைகளும், அவற்றின் நடுவே உரிமையோடு நடமாடும் மயில்களும் உண்டு. மயில் இருக்கிறது என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும், பெரணிகள் இடுப்பளவு வளர்ந்த அந்தக் குளிர்ந்த காட்டில், கூடைக்குப் பத்தடி தள்ளி ஓர் ஆண்மயில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்து வந்தபோது, கையிலிருந்த வட்டைக் கீழே வைத்துவிட்டேன். தைப்பூசத்துக்குக் காவடியில் மயிலிறகு கட்டி வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்? அது கடந்து போகும்வரை எங்கள் பின்னால் வந்த குழுவினரும் வாய் திறக்காமல் நின்றார்கள். மயிலுக்காக மட்டும் அந்தக் களத்தை இங்கே சேர்க்கவில்லை. அங்கே பாதைகள் மிகக் குறுகலானவை. அடிமரங்கள் கிளையின்றி நெடுந்தூரம் உயர்வதால், வட்டு செல்லக்கூடிய இடைவெளியை முதலில் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு எறிமேடையிலும் இரண்டு நிமிடம் நின்று காட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுலாவுக்கு வந்தவனாக இருந்திருந்தால், அந்தக் காட்டை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கமாட்டேன்.

மறுநாள் மைலோ மக்ஐவர் மாநிலப் பூங்காவுக்குச் சென்றோம். கிளாக்கமஸ் ஆற்றை ஒட்டிய அந்தக் களத்தில்தான் 2016இல் ஃபைலோ பிராத்வெய்ட் என்ற ஆட்டக்காரர், ஐந்து எறிகளில் முடிப்பதே அளவு என்று வகுக்கப்பட்ட (பார் ஐந்து) ஒரு ஹோலை இரண்டே எறியில் முடித்தார். வானம் தெளிந்திருந்தால் பனி மூடிய ஹூட் மலை தெரியும் என்றார்கள். நாள் முழுவதும் மழை பெய்ததால் எங்களுக்கு அது காட்சி தரவில்லை.

கலிபோர்னியாவின் சான்டா குருஸ் நகரில் இருக்கும் டெலவியாகாவுக்கு வருகிறேன். 1984இல் அமைக்கப்பட்ட களம் அது. உலகில் எங்கே ஆடுபவரைக் கேட்டாலும் அதன் 27ஆம் ஹோலின் பெயர் தெரிந்திருக்கும்: உலகின் உச்சி. பெயரைக் கேட்டு எரிமலை அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு போக வேண்டாம். ஓக் மரங்கள் அடர்ந்த மேட்டின் முனை அது. எறிமேடையில் நின்றால் நகரம் காலடியில் விரிந்து, அதற்கப்பால் மான்டெரே விரிகுடா வெள்ளித் தகடாகக் கிடக்கிறது. கூடை 150 மீட்டருக்கும் அப்பால், சரிவின் கீழே. இருபத்தாறு ஹோல்களிலும் காட்டுக்குள்ளும் பள்ளத்தாக்கின் விளிம்பிலும் அலைந்து களைத்த ஆட்டக்காரனுக்கு, இறுதியில் ஒரே மூச்சில் வானம் முழுவதையும் திறந்துவிடுகிறார்கள். இந்த வரிசையை அமைத்தவர்களின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். அதே காட்சி முதல் ஹோலில் வந்திருந்தால் பாதி அழகு குறைந்திருக்கும்.

மேட்டிலிருந்து கீழே எறிவது எளிது என்று தோன்றும். உண்மையில் அது நம் பிழைகளைப் பெருக்கிக் காட்டும். வட்டு வழக்கத்தைவிட நீண்ட நேரம் காற்றில் இருப்பதால், சமவெளியில் ஐந்து மீட்டர் விலகக்கூடிய எறி இங்கே இருபது மீட்டர் விலகிவிடும். கடலிலிருந்து வரும் காற்று எதிர்ப்பட்டால் வட்டு எழுந்து நின்றுவிடுவதுபோல் இருக்கும். அப்போது அது எங்கே இறங்கும் என்பதைக் கடவுள்தான் அறிவார். நான் மூன்று எறிகளுக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு, வேகமான வட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, நிதானமாகப் பறக்கும் நடுத்தர வட்டை எடுத்தேன். அது கையை விட்டுப் போன பிறகு நடந்ததை எண்ணினால் இன்றும் நெஞ்சு விரிகிறது. முதலில் கடலின் மேல் ஒரு புள்ளியாக நின்றது. பிறகு கூரைகளின் மேல் மெல்ல நகர்ந்தது. அதன் பின் பச்சைச் சரிவில் தன் நிழலைத் தேடிக்கொண்டு இறங்கியது. நான் எறிந்த ஒரு பொருள் கடலையும் ஊரையும் நிலத்தையும் வரிசையாகக் கடந்து செல்வதை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றது அதுவே முதல்முறை. கூடைக்கு முப்பது மீட்டர் வலப்பக்கம் விழுந்தது. நான்கு எறியில் முடித்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டெலவியாகாவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் சரிவுகளில் பாய்சன் ஓக் என்ற செடி நிறைய வளர்ந்திருக்கிறது. அதன் எண்ணெய் தோலில் பட்டால் பல நாட்களுக்கு அரிக்கும் கொப்புளம் எழும். விளிம்பில் விழுந்த வட்டு சக்கரம்போல் உருண்டு பள்ளத்தாக்குக்குள் போய்விட்டால், நீளக் கைச்சட்டையும் நீளக் காற்சட்டையும் இல்லாமல் பின்தொடரக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த நீல வட்டை நான் அப்படித்தான் அங்கே விட்டுவிட்டு வந்தேன்.

டர்பனுக்குத் திரும்புவதற்கு முன், லாஸ் ஏஞ்சலஸ் அருகே லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜில் இருக்கும் ஓக் குரோவ் களத்துக்கும் போனேன். அங்கே போவதை ஒரு யாத்திரை என்றே சொல்வேன். 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்த உலகின் முதல் நிலையான டிஸ்க் கோல்ஃப் களம் அது. ஃபிரிஸ்பியின் மேற்பரப்பில் வளைய வரிகளைச் சேர்த்து அது நேராகப் பறக்கும்படி செய்து காப்புரிமை பெற்றவரும் அவரே. வட்டைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிக் கூடையை உருவாக்கியவரும் அவரே. 2002இல் அவர் காலமானபோது, அவருடைய விருப்பப்படி அவரது சாம்பலை பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். ஒருபுறம் சான் கேப்ரியல் மலைகள். அருகிலேயே நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம். நடுவே முதிய ஓக் மரங்கள். மற்ற களங்களோடு ஒப்பிட்டால் காட்சி எளியதுதான். ஆனால் ஒரு மனிதர் இந்த மரங்களைப் பார்த்து, எந்த மரத்தைச் சுற்றி வட்டு வளைய வேண்டும் என்று யோசித்து நடந்த தடத்தில் நடக்கிறோம் என்ற எண்ணம், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொருளைக் கொடுத்தது.

போகாமல் திரையில் மட்டும் பார்த்து ஏங்கும் களங்களும் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெஸ்டரில் உள்ள மேப்பிள் ஹில், கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்க்கும் பண்ணைக்குள் அமைந்தது. இலையுதிர் பருவத்தில் குளங்களில் சிவப்பும் மஞ்சளுமாக நிழல் விழும்போது அங்கே பெரும்போட்டி நடக்கும். பின்லாந்தின் நோக்கியா நகரில் இருக்கும் பீஸ்ட் களத்தில் ஊசியிலைக் காட்டுக்கு நடுவே கோடை வெளிச்சம் இரவு பத்து மணிக்கும் அணையாது. மரமே இல்லாத எரிமலைப் பாறைகளில் காற்றோடு மட்டும் மல்லுக்கட்டும் ஐஸ்லாந்துக் களங்களை எண்ணும்போதுதான் என் ஆவல் மிகுதியாகிறது. திரையில் பார்த்ததை வைத்து இவற்றைத் தரவரிசைப்படுத்தினால், மேலே நான் சொன்னதற்கே முரணாகிவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். விண்டர்டனுக்கு மேலே, டிராகன்ஸ்பெர்க் அடிவாரத்தில், என் நண்பர் ஒருவருக்குச் சிறு பண்ணை இருக்கிறது. எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய மூன்று கூடைகளை நாங்கள் நால்வர் சேர்ந்து வாங்கி அங்கே வைத்திருக்கிறோம். சூலு மக்கள் அந்த மலைத்தொடரை ஈட்டிகளின் அரண் என்னும் பொருளில் உகாஹ்லாம்பா என்று அழைக்கிறார்கள். பண்ணையின் மேட்டில் நின்றால், 3,149 மீட்டர் உயரமுள்ள கேத்கின் சிகரம் தனித்து முன்னே நிற்க, 3,377 மீட்டர் உயரமுள்ள ஷாம்பேன் காசில் அதன் பின்னால் தெரியும். முதல் கூடையை நாங்கள் அந்த மேட்டில்தான், படம் எடுத்தால் சிகரம் சரியாகச் சங்கிலிக்கு மேலே வரும்படி வைத்தோம். படங்கள் அருமையாக வந்தன. ஆட்டம் சலித்துப்போனது. எறிபவர் மலையைப் பார்க்க வேண்டிய தேவையே அங்கே இல்லை.

அடுத்த முறை அதைக் கீழே, ஓடைக்கு அப்பால், வாட்டில் என்னும் வேல வகை மரங்கள் இரு வரிசையாக நிற்கும் இடத்தின் முடிவுக்கு மாற்றினோம். எறிமேடைக்கு நேர் எதிரே கேத்கின் வந்தது. அதன் உச்சியில் மேகம் ஒரு கொடிபோல் ஒரே பக்கமாக இழுபட்டால் மேலே காற்று பலமாக வீசுகிறது என்று பொருள்; கொஞ்ச நேரத்தில் அது பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும் என்பதை இரண்டு குளிர்காலங்கள் ஆடியபின் கண்டுகொண்டோம். குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து கடற்கரை நோக்கி வெப்பமாக வீசும் பெர்க் காற்றை நம் டர்பன் மக்கள் எல்லோரும் அறிவார்கள். அது நின்ற பிறகு தென்மேற்கிலிருந்து குளிர் வரும். சாட்ஸ்வொர்த்தில் அந்தக் காற்று வந்து சேரும்போதுதான் சன்னல்களை மூடுகிறோம். பண்ணையில் அது புறப்படுவதையே பார்க்க முடிகிறது.

அங்கே ஆட விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் அளவுக்கு ஏறிவிட்டால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. அதனால் டர்பனில் நேராகப் பறக்கும் வட்டு அங்கே சீக்கிரமே இடப்பக்கம் சாய்ந்துவிடும். எளிதில் வலப்பக்கம் திரும்பும் இலகுவான வட்டுகளைக் கொண்டுவாருங்கள். ஆகஸ்டில் புல் காய்ந்து பொன்னிறமாகக் கிடக்கும்போது மஞ்சள், செம்மஞ்சள் வட்டுகள் கண்ணுக்கு அகப்படாது. நீலமும் இளஞ்சிவப்பும் உதவும். விடியலில் உறைபனி விழுந்திருந்தால் பிளாஸ்டிக் விறைத்து விரல்களில் நிற்காது. வட்டுகளைக் காரின் உள்ளே வைத்துச் சூடேற்றிய பிறகு தொடங்குவது நல்லது. கோடையில் மலை பச்சைப் பசேலென்று இன்னும் அழகாக இருக்கும். ஆனால் பிற்பகலில் இடியோடு மழை திரண்டு வரும். முதல் முழக்கம் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். திறந்தவெளியில், இரும்புக் கூடையருகே, கையை உயர்த்தி நின்று உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்தக் காட்சியும் பெரிதல்ல.

சென்ற மாதம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளில் ஆறு பேரைப் பெற்றோரின் அனுமதியோடு அங்கே அழைத்துச் சென்றோம். எறிமேடையில் ஏறியதும் கைப்பேசியை எடுத்தவர்களை நான் தடுக்கவில்லை. எறிந்தார்கள், வாட்டில் மரங்களில் மோதினார்கள், மீண்டும் எறிந்தார்கள். நான்காவது சுற்றில், வகுப்பில் வாயே திறக்காத பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் எறியவில்லை என்று மற்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். “சார், மேகம் இன்னும் அந்தப் பக்கம்தான் இழுக்குது, கொஞ்சம் நிக்கட்டும்” என்றாள். நாங்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து கேத்கினைப் பார்த்தபடி காத்திருந்தோம்.